கருவிக்கு உத்தரவு போடுவது யார்?

ஒரு வோல்ட்மீட்டர் இருக்கிறது. பத்து விநாடிக்கு ஒரு முறை அது காட்டும் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 360 எண்கள். பொறுமையான மாணவர் ஒருவர் இதைச் செய்துவிடலாம். ஆனால் சோதனை 12 மணி நேரம் ஓட வேண்டும் என்றால்? 4,320 எண்கள். நள்ளிரவு தாண்டியதும் கண் சொக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுதிய 7, காலையில் பார்க்கும்போது 1 மாதிரி தெரியும். டீ குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில்தான் முக்கியமான ஏதோ ஒன்று நடந்திருக்கும்!

இதே வேலையைக் கணினியிடம் கொடுத்தால் பத்துப் பதினைந்து வரி நிரல் போதும். அது தூங்காது, எண்ணைத் தப்பாகவும் எழுதாது.

இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் இதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்தப் பத்து வரியை எழுதுவது யார்? சோதனை செய்பவரா, கருவியை விற்ற கம்பெனியா? "பத்து விநாடிக்கு ஒரு முறை" என்பதை "மின்னழுத்தம் ஏறும்போது மட்டும் விநாடிக்கு நூறு முறை" என்று மாற்ற நினைத்தால், அதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஆய்வகக் கருவிகளை இயக்கும் மென்பொருளின் அறுபது வருட வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

பூனையும் லிங்க் கணினியும்

1960களின் தொடக்கத்தில் கணினி என்றால் பெரிய கூடத்தில், குளிரூட்டிய அறையில், ஆபரேட்டர்களின் காவலில் இருக்கும் இயந்திரம். விஞ்ஞானிகள் அட்டையில் துளையிட்ட நிரலை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, விடைக்காக அடுத்த நாள் வரை காத்திருப்பார்கள்.

கணக்குப் போடுபவர்களுக்கு இது பரவாயில்லை. உயிரியல் ஆய்வாளர்களுக்குத்தான் பெரிய தொல்லை. ஒரு மிருகத்தின் மூளையில் மின்முனையை வைத்து சமிக்ஞையைப் பதிவு செய்கிறார்கள். பதிவான நாடாவைக் கணினி மையத்துக்கு எடுத்துப் போகிறார்கள். விடை வந்தபிறகுதான் மின்முனை சரியான இடத்தில் இல்லை என்று தெரிகிறது. அதற்குள் சோதனையே முடிந்துபோயிருக்கும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தில் இருந்த வெஸ்லி கிளார்க் இதை வேறு விதமாகப் பார்த்தார். விஞ்ஞானி கணினியைத் தேடிப் போகக் கூடாது, கணினிதான் ஆய்வகத்துக்கு வர வேண்டும் என்பது அவர் கட்சி. சார்லஸ் மோல்னர் போன்றவர்களோடு சேர்ந்து அவர் உருவாக்கிய இயந்திரத்தின் பெயர் லிங்க். 'ஆய்வகக் கருவிக் கணினி' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. லிங்கன் ஆய்வகத்தின் பெயரும் அதற்குள் மறைந்திருக்கிறது.

1962ல் முதல் லிங்க் ஓடியது. நினைவகம் 1,024 சொற்கள்தான், ஒவ்வொரு சொல்லும் 12 பிட். இன்றைய கைப்பேசியில் உள்ள ஒரு சின்னப் படத்துக்குக்கூடப் போதாது. ஆனால் அதில் இருந்த மற்ற விஷயங்களைப் பாருங்கள். ஒரு சிறிய திரை, ஒரு விசைப்பலகை, மின்முனையிலிருந்து வரும் சமிக்ஞையை நேரடியாக எண்ணாக மாற்றும் அமைப்பு, கையில் அடங்கும் நாடாச் சுருள். எல்லாவற்றுக்கும் மேலாகத் திருகும் குமிழ்கள். சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே விஞ்ஞானி குமிழைத் திருகுவார், நிரல் அதைப் படித்துத் தன் போக்கை மாற்றிக்கொள்ளும்.

அந்த வருடமே லிங்க்கை வாஷிங்டன் அருகில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்துக்குக் கொண்டுபோய், ஒரு பூனையின் மூளையில் எழும் சமிக்ஞைகளைப் பதிவு செய்யும் சோதனையில் இணைத்தார்கள். சமிக்ஞையை வாங்கி, அங்கேயே அலசி, உடனுக்குடன் திரையில் காட்டியது லிங்க். அதுவரை அந்த ஆய்வகத்தில் முடியாமல் இருந்த காரியம் அது. சந்தோஷத்தில் எல்லோரும் இயந்திரத்தைச் சுற்றி ஆடினார்கள் என்று கிளார்க் பிற்பாடு நினைவுகூர்ந்தார்.

கிளார்க் விலையிலும் கவனமாக இருந்தார். ஓர் ஆய்வகத் தலைவர் மேலிடத்தைக் கேட்காமல் தானே வாங்கக்கூடிய தொகையாக 25,000 டாலரை இலக்காக வைத்தார். (கடைசியில் விலை அதைத் தாண்டிப் போனது வேறு விஷயம்.) அனுமதி கேட்டு வாங்கும் இயந்திரம் விஞ்ஞானியின் இயந்திரமாக இருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1963 கோடையில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு ஆய்வுக் குழுக்களை கேம்பிரிட்ஜ் நகரத்துக்கு வரவழைத்தார்கள். அவர்கள் கையில் முழு இயந்திரம் தரப்படவில்லை, பாகங்கள்தான் தரப்பட்டன. டாக்டர்களும் உயிரியலாளர்களும் தங்கள் லிங்க்கைத் தாங்களே பூட்டி, நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, ஊருக்கு எடுத்துப் போனார்கள். தன் கையால் பூட்டிய இயந்திரம் பழுதானால் மெக்கானிக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை அல்லவா?

லிங்க்கின் மென்பொருளை எழுதியவர்களில் முக்கியமானவர் மேரி ஆலன் வில்க்ஸ். கல்லூரியில் அவர் படித்தது தத்துவம்! 1965ல் அவர் பால்டிமோரில் உள்ள தன் பெற்றோர் வீட்டுக்கே ஒரு லிங்க்கைக் கொண்டுவந்து, வரவேற்பறையில் வைத்து வேலை செய்தார். வீட்டில் கணினி வைத்துக்கொண்ட முதல் ஆட்களில் ஒருவர் என்று இன்றும் அவரைக் குறிப்பிடுகிறார்கள். அவர் எழுதிய 'லாப் 6' என்ற அமைப்பு, விஞ்ஞானி திரையின் முன் உட்கார்ந்து தன் நிரலைத் தானே எழுதி, திருத்தி, உடனே ஓட்டிப் பார்க்க வழி செய்தது. பின்னாளில் வில்க்ஸ் சட்டம் படித்து வக்கீலாகிவிட்டார்.

லிங்க் ஏறத்தாழ 50தான் உருவாயின. ஆனால் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது.

தொலைநோக்கிக்காக ஒரு மொழி

அடுத்த கட்டம் அரிசோனா மாநிலத்தின் கிட் பீக் மலையில். அங்கே தேசிய வானொலி வானியல் ஆய்வகத்துக்கு 36 அடி விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி ஒன்று இருந்தது. விண்வெளியில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு இருப்பதை 1970ல் கண்டுபிடித்தது அதை வைத்துத்தான். உலகெங்கும் இருந்து வானியலாளர்கள் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில இரவுகள் மட்டும்.

வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி தேவை இருக்காது. ஒருவருக்கு வானத்தின் ஒரு பகுதியைக் கட்டம் கட்டமாக வருட வேண்டும். இன்னொருவருக்கு ஒரே புள்ளியை மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். வழக்கமான முறையில் நிரல் எழுதினால், சின்ன மாற்றத்துக்கும் முழு நிரலையும் திருத்தி, மொழிமாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குள் அந்த இரவு போய்விடும்.

சார்லஸ் மூர் என்ற நிரலாளர் பல வருடங்களாகத் தன் சொந்த உபயோகத்துக்காக ஒரு மொழியைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அதைக் கணினிகளின் நான்காம் தலைமுறைக்கான மொழி என்று நினைத்து, 'நான்காவது' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பெயராக வைக்கப் பார்த்தார். அந்தச் சொல்லுக்கு ஆறு எழுத்து. அவர் பயன்படுத்திய ஐ.பி.எம். 1130 கணினியோ பெயர்களில் ஐந்து எழுத்துக்கு மேல் ஏற்காது. நடுவில் இருந்த 'யு' எழுத்தை வெட்டிவிட்டார். 'ஃபோர்த்' பிறந்தது!

1971ல் கிட் பீக் தொலைநோக்கியை இயக்க அவர் ஃபோர்த்தைப் பயன்படுத்தினார். அதன் அடிப்படை மிக எளிது. ஃபோர்த் என்பது ஒரு அகராதி. முதலில் சில சின்னச் சொற்கள் இருக்கும். அவற்றைச் சேர்த்துப் புதிய சொல் ஒன்றைப் படைக்கலாம். அதை வைத்து இன்னொன்று. 'திரும்பு', 'நில்', 'பதிவு செய்' என்று மூன்று சொற்கள் இருந்தால், மூன்றையும் கோத்து 'வருடு' என்று நான்காவது சொல்லை உண்டாக்கலாம். தட்டச்சு செய்த கணத்திலேயே அது வேலை செய்யும்.

இதனால் நடந்தது என்ன? வானியலாளர் நடு இரவில், தொலைநோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே, தன் ஆய்வுக்கு வேண்டிய புதுக் கட்டளையைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடிந்தது. தொலைநோக்கியைத் திருப்புவது, தரவைச் சேகரித்து நாடாவில் எழுதுவது, முன்பு எடுத்த தரவைத் திரையில் அலசிப் பார்ப்பது மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன. எலிசபெத் ராதர் என்பவர் இந்த அமைப்பைப் பராமரித்து, ஃபோர்த்தின் முதல் கையேட்டையும் எழுதினார். 1973ல் மூரும் ராதரும் சேர்ந்து ஃபோர்த் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1976ல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஃபோர்த்தைத் தன் நிரல் மொழியாக ஏற்றுக்கொண்டது.

கணினி விஞ்ஞானிகள் பலருக்கு ஃபோர்த் பிடிக்கவில்லை. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் புரியாது என்பது அவர்கள் புகார். அது உண்மைதான். தனக்கு வேண்டிய மாதிரி மாற்றும் சுதந்திரத்துக்கு அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. இந்தப் புகார் இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

பந்தியில் உட்கார்ந்த கருவிகள்

லிங்க்கும் ஃபோர்த்தும் இருந்த ஆய்வகங்கள் வசதியானவை. சாதாரண ஆய்வகத்தின் பிரச்சினை வேறு. மேஜையில் ஐந்து கம்பெனிகளின் ஐந்து கருவிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி பிளக், ஒரு தனி கம்பி. ஒன்றோடு ஒன்று பேசாது.

ஹியூலட்-பக்கார்டு நிறுவனம் 1960களின் நடுவில் தன் கருவிகளையெல்லாம் ஒரே கம்பியில் இணைக்க ஒரு முறையை வகுக்கத் தொடங்கியது. அது எச்.பி.-ஐ.பி. என்று பெயர் பெற்றது. மற்ற கம்பெனிகளும் ஏற்றுக்கொள்ள, 1975ல் ஐ.இ.இ.இ. 488 என்ற பொதுத் தரமானது. பொதுவாக ஜி.பி.ஐ.பி. என்று சொல்வார்கள்.

இந்த முறையில் ஒரு கம்பித் தொடரில் 15 கருவிகள் வரை இணைக்கலாம். பிளக்குகள் இட்லித் தட்டு மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாகச் செருகும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண். யார் பேச வேண்டும், யார் கேட்க வேண்டும் என்று முறை வகுக்க ஒரு தலைவர், அதாவது கணினி.

இதில் அழகான ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு கருவி வேகமாகப் பேசும், இன்னொன்று மெதுவாகத்தான் கேட்கும் என்றால் என்ன செய்வது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் சாப்பிட்டு முடித்தவர் உடனே எழுந்துவிட மாட்டார். வரிசையில் கடைசி ஆள் முடிக்கும் வரை உட்கார்ந்திருப்பார். ஜி.பி.ஐ.பி.யும் அப்படித்தான். ஒவ்வொரு பைட்டையும், கேட்கும் கருவிகளில் மிக மெதுவான கருவி "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லும் வரை பேசும் கருவி அடுத்ததற்குப் போகாது. இதற்கென்றே மூன்று கம்பிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. பத்து வருடப் பழைய கருவியும் புத்தம் புதிய கருவியும் ஒரே பந்தியில் உட்கார முடிந்தது இதனால்தான்.

கம்பி ஒன்றானது. மொழி ஒன்றாகவில்லை. மின்னழுத்தத்தை அளக்கச் சொல்ல ஒரு கருவிக்கு ஒரு எழுத்தும் ஒரு எண்ணும், வேறு கம்பெனிக் கருவிக்கு வேறு எழுத்து, வேறு எண். வோல்ட்மீட்டரை மாற்றினால் நிரலையும் மாற்ற வேண்டும். இதைச் சரிசெய்ய இரண்டு படிகள் வந்தன. 1987ல் வந்த இரண்டாம் தரம், "நீ யார்?" என்று கேட்டால் எந்தக் கருவியும் தன் கம்பெனி, மாடல் விவரங்களைச் சொல்ல வேண்டும் என்றது. 1990ல் வந்த 'ஸ்கிப்பி' என்ற தரம், கட்டளைகளையே மனிதர் படிக்கும் சொற்களாக்கியது. 'அளவிடு: மின்னழுத்தம்: டி.சி.?' என்ற பாணியில் எழுதினால், அந்தத் தரத்தை ஏற்ற எந்த வோல்ட்மீட்டருக்கும் புரியும்.

ஒரு சாதாரண ஆராய்ச்சி மாணவர் பேசிக் மொழியில் இருபது வரி எழுதி, இரவு முழுக்கக் கருவியை ஓட விட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்த் தூங்கும் காலம் இப்படித்தான் வந்தது.

படம் வரைந்தால் நிரல்

ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் அமெரிக்கக் கடற்படைக்காக சோனார் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஜேம்ஸ் ட்ரூச்சார்ட், ஜெஃப் கொடோஸ்கி, பில் நவ்லின். கருவிகளிலிருந்து தரவைக் கணினிக்குக் கொண்டுவர அவர்கள் பட்ட பாடு, 1976ல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற கம்பெனியானது. அவர்களுடைய முதல் தயாரிப்பு, பி.டி.பி.-11 கணினியை ஜி.பி.ஐ.பி.யோடு இணைக்கும் அட்டை.

அட்டை விற்றது. ஆனால் வாங்கியவர்கள் நிரல் எழுதவே நேரத்தையெல்லாம் செலவழிக்கிறார்கள் என்பதை ட்ரூச்சார்ட் கவனித்தார். கணக்குப் பிள்ளைகளுக்கு ஸ்ப்ரெட்ஷீட் வந்து நிரல் எழுதும் வேலையையே ஒழித்துவிட்டது. அளவீடு செய்பவர்களுக்கு அப்படி ஒன்று ஏன் இல்லை?

1984ல் வந்த மெக்கின்டாஷ் கணினியின் படத்திரை கொடோஸ்கிக்கு வழி காட்டியது. 1986ல் வெளிவந்த லேப்வியூவில் நிரலை எழுத வேண்டாம், வரையலாம். ஒரு ஜன்னலில் கருவியின் முகப்பு: குமிழ், முள், வரைபடம். மறு ஜன்னலில் உள்வேலை: சிறு பெட்டிகளும் அவற்றை இணைக்கும் கம்பிகளும். வோல்ட்மீட்டர் பெட்டியிலிருந்து கம்பியை இழுத்து சராசரி பார்க்கும் பெட்டியில் செருகி, அங்கிருந்து வரைபடத்துக்கு இழுத்தால் வேலை முடிந்தது. தரவு வந்து சேர்ந்ததும் பெட்டி தானே இயங்கும். சர்க்யூட் வரையத் தெரிந்தவர்களுக்கு இது தாய்மொழி மாதிரி இருந்தது.

முதலில் மெக்கின்டாஷில் மட்டும் ஓடியது, 1992ல் விண்டோஸுக்கும் வந்தது. அதன் பிறகு உலகத்தின் பெரும்பாலான இயற்பியல், பொறியியல் ஆய்வகங்களுக்குள் நுழைந்துவிட்டது. 2006ல் வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்.எக்ஸ்.டி. என்ற பொம்மை ரோபோவின் மென்பொருள்கூட லேப்வியூவை வைத்துச் செய்ததுதான். குழந்தைகள் தெரியாமலேயே ஆய்வகத் தானியக்கம் கற்றுக்கொண்டார்கள்!

ஆனால் சின்ன நிரலுக்கு அழகாக இருக்கும் கம்பிகள், நிரல் பெரிதானால் உண்மையிலேயே இடியாப்பச் சிக்கல் ஆகிவிடும். ஆராய்ச்சி மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் வரைந்த இடியாப்பம் ஆய்வகத்தில் தங்கிவிடும். அடுத்து வருபவருக்கு எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரியாது. ஃபோர்த் மீது சொன்ன அதே புகார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. லேப்வியூ காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். விஞ்ஞானி வரைந்த நிரலைத் திறந்து பார்க்கவும் அதே மென்பொருள் வேண்டும். சாவி விஞ்ஞானி கையில் இருந்தது, பூட்டு கம்பெனியுடையது. சொந்த உபயோகத்துக்கான இலவசப் பதிப்பு 2020ல்தான் வந்தது. 2023ல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸை எமர்சன் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

மூடிய பெட்டிகள்

கணினி மலிவாகி, எல்லாக் கருவிகளும் கணினியோடு சேர்ந்தே விற்கப்பட ஆரம்பித்ததும் வரலாறு கொஞ்சம் பின்னால் திரும்பியது. கருவியோடு அதன் மென்பொருளும் வரும். பட்டன்கள் பளபளப்பாக இருக்கும். அந்தப் பட்டன்கள் செய்யும் வேலையை மட்டும்தான் கருவி செய்யும். ஆயிரம் பேர் கேட்ட அளவீட்டுக்குப் பட்டன் உண்டு. இதுவரை யாரும் கேட்காத அளவீட்டுக்குப் பட்டன் இருக்காது. ஆராய்ச்சி என்பதே யாரும் கேட்காததைக் கேட்பதுதானே?

இன்னொரு காட்சி எல்லா ஊர் ஆய்வகங்களிலும் உண்டு. மூலையில் பழுப்பேறிய ஒரு கணினி. அதில் விண்டோஸ் எக்ஸ்.பி. மேலே "தொடாதீர்கள்" என்று ஒட்டிய காகிதம். பல லட்சம் ரூபாய்க் கருவியின் உயிர் அந்தக் கணினியில் இருக்கும். எக்ஸ்.பி.க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. கருவிக் கம்பெனி புது விண்டோஸுக்கு மென்பொருள் எழுதாவிட்டால், நன்றாக ஓடும் கருவி ஒரு நாள் இரும்புக் குப்பையாகிவிடும். கருவி வாங்கியவருக்குச் சொந்தம், அதற்கு உத்தரவு போடும் வழி சொந்தமில்லை.

இந்தப் பூட்டை உடைத்த முயற்சிகளில் ஒன்று நுண்ணோக்கித் துறையில் நடந்தது. நவீன நுண்ணோக்கியில் கேமரா ஒரு கம்பெனி, மேடையை நகர்த்தும் மோட்டார் இன்னொன்று, ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் மூன்றாவது. நுண்ணோக்கிக் கம்பெனியின் மென்பொருள் தனக்குப் பிடித்த கேமராக்களோடு மட்டும் பேசும்.

2005 வாக்கில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரான் வேல் ஆய்வகத்தில் நிகோ ஸ்டுர்மன், நெனாட் அமோடாஜ் முதலியோர் மைக்ரோ-மேனேஜர் என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். இலவசம், மூல நிரலும் திறந்தது. கேமரா என்றால் 'படம் எடு', மேடை என்றால் 'நகரு' என்று பொதுவான கட்டளைகளை வகுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கம்பெனிக் கருவிக்கும் அந்தப் பொதுக் கட்டளையை அதன் சொந்த பாஷையில் மாற்றிச் சொல்லும் ஒரு துபாஷி நிரலை எழுதினால் போதும். ஒருவர் எழுதிய துபாஷி எல்லோருக்கும் பயன்படும். படத்தைக் காட்டும் வேலைக்கு 'இமேஜ்ஜே' என்ற இலவச மென்பொருளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதை எழுதிய வேய்ன் ராஸ்பாண்ட் பணிபுரிந்தது, லிங்க்கும் பூனையும் சந்தித்த அதே தேசிய சுகாதார நிறுவனத்தில்!

பூட்டு திறந்ததும் புதுக் கேள்விகள் வந்தன. ஒரு செல் இரண்டாகப் பிரியும் கணத்தைப் படம் எடுக்க வேண்டும். அது எப்போது நடக்கும் என்று தெரியாது. ஆயிரம் செல்களையும் இரவு முழுக்க நுணுக்கமாகப் படம் எடுத்தால் ஒளியின் பாதிப்பிலேயே செல்கள் செத்துவிடும். அதற்குப் பதில், நிரல் மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டே போய், பிரியப்போகும் செல் தென்பட்டதும் அங்கே நின்று, பெரிதாக்கிப் படம் எடுக்க வேண்டும். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தினர் 2011ல் வெளியிட்ட மைக்ரோபைலட் இந்த வகையைச் சேர்ந்தது. மனிதர் திருகிய குமிழை இப்போது நிரலே திருகுகிறது.

இந்தியாவிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. புதுடெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம், 2000களின் நடுவில் 'ஃபீனிக்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அஜித்குமார் முன்னின்று நடத்திய இந்தத் திட்டத்தில், கல்லூரி மாணவர்கள் இயற்பியல் சோதனைகளைக் கணினியோடு இணைத்துச் செய்யும் குறைந்த விலைப் பெட்டி ஒன்றை வடிவமைத்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 'எக்ஸ்ப்ஐஸ்'. ஊசல், ஒலியின் வேகம், மின்தேக்கி மின்னிறக்கம் போன்றவற்றைப் பைத்தான் மொழியில் சில வரி எழுதி அளக்கலாம். வன்பொருள் வரைபடமும் மென்பொருளும் எல்லோருக்கும் திறந்தவை. லேப்வியூ உரிமம் வாங்க முடியாத கல்லூரிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஓசோன் சொன்ன பாடம்

இதுவரை படித்ததில், எல்லாவற்றையும் தானியக்கம் செய்துவிட்டால் நல்லது என்று தோன்றும். அங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்.

1978ல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஓசோனை அளக்கும் கருவி இருந்தது. தரவு கடல் போல் வந்து குவியும். மனிதர் பார்த்து முடியாது. அதனால் நாசாவின் மென்பொருளில் ஓர் எல்லை வைத்திருந்தார்கள்: 180 டாப்சன் அலகுக்குக் கீழே வரும் அளவு சந்தேகத்துக்குரியது என்று குறியிடப்படும். அதுவரை யாரும் அவ்வளவு குறைந்த ஓசோனைப் பார்த்ததில்லை என்பதால் அந்த எல்லை நியாயமாகவே தோன்றியது.

அதே சமயம் அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1920களின் வடிவமைப்பில் செய்த டாப்சன் கருவியைக் கையால் இயக்கி அளந்துகொண்டிருந்தார்கள். ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்லின் மூவரும் 1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் ஓசோன் அளவு வசந்த காலத்தில் பயங்கரமாகக் குறைவதை அறிவித்தார்கள். உலகம் அதிர்ந்தது.

நாசாவின் கணினி அந்தத் தரவை அழித்துவிட்டது என்று பலரும் எழுதுவார்கள். அது சரியல்ல. தரவு அழியவில்லை, குறியிட்டு வைக்கப்பட்டிருந்தது. நாசாவினரும் அதைக் கவனித்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். தரவு பத்திரமாக இருந்ததால்தான் மறுபடி அலசி, ஓட்டை ஒரு கண்டம் அளவுக்குப் பெரியது என்று அவர்களால் காட்ட முடிந்தது. ஆனால் முதலில் சொன்ன பெருமை கையால் அளந்தவர்களுக்குப் போனது.

நிரலில் எழுதும் ஒவ்வொரு எல்லையும் ஒரு கருத்து. "இது நடக்கும், இது நடக்காது" என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே எடுத்த முடிவு. அந்த வரியைத் திறந்து பார்க்க முடிந்தால், தப்பென்றால் திருத்தலாம். மூடிய பெட்டிக்குள் இருந்தால், அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது என்பதே தெரியாது.

இனி...

2009ல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ராஸ் கிங் குழுவினர் 'ஆடம்' என்ற ரோபோ விஞ்ஞானியை அறிமுகப்படுத்தினார்கள். ஈஸ்ட் மரபணுக்களைப் பற்றி அது தானே ஊகம் செய்து, தானே சோதனை நடத்தி, தானே முடிவைச் சரிபார்த்தது. கண்டுபிடித்ததை ஆய்வாளர்கள் கையால் மறுபடி சோதித்து உறுதி செய்தார்கள். அந்தக் கடைசி வேலை மனிதர் கையிலேயே இருந்தது.

இன்று பைத்தான் தெரிந்த ஒரு இளநிலை மாணவர் 'பைவிசா' என்ற இலவச நிரலகத்தை வைத்துக்கொண்டு, முதலில் சொன்ன வோல்ட்மீட்டரை அரை மணி நேரத்தில் பேச வைத்துவிடலாம். அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால் வரவேற்பறையில் நிரல் எழுதிய வில்க்ஸும், ஒரு எழுத்தை வெட்டிப் பெயர் வைத்த மூரும், கடைசி ஆளுக்காகக் காத்திருக்கும் அந்த மூன்று கம்பிகளும் இருக்கின்றன.

கருவி எதை அளக்க வேண்டும் என்று சொல்வது மென்பொருள். அதைத் திறக்க முடியாத விஞ்ஞானி, வேறொருவர் எழுதிய கேள்விக்கு மட்டும் விடை எழுதும் மாணவர் மாதிரி. நல்ல மதிப்பெண் வாங்கலாம். புதுக் கேள்வி கேட்க முடியாது.